திருகின் மேல் ஒரு தீற்று

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினால், மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலைகளோடு ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) காயில்கள் தெரியும். பலவற்றில் தலைமேல் ஒரு சொட்டு மெழுகும் இருக்கும். உள்ளிருக்கும் ஃபெரைட் திருகை 455 கிலோஹெர்ட்ஸுக்குச் சரிசெய்த கை வைத்த சொட்டு அது. அதைக் குடைந்து திருகிவிட்டால், சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் மீட்பது பெரும்பாடு.

யாரும் தொடாமலே கழல்கிற திருகும் உண்டு. குறுக்குவாட்டு அசைவுதான் போல்ட்டை அதிகம் தளர்த்துகிறது என்று 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் காட்டினார். குறுக்கே நழுவும்போது மரையின் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது. முறுக்கி ஏற்றிய இறுக்கமே போல்ட்டைத் திருப்பிச் சுழற்றுகிறது. இதற்கான மருந்து 1953-லேயே வந்துவிட்டது. வெர்னன் கிரீபிள் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் கண்டுபிடித்த லாக்டைட், காற்றுப் படாத உலோக இடுக்கில் இறுகும். அதன் சிவப்பு வகையைப் பூசிய போல்ட்டைப் பெரும்பாலும் சூடுகாட்டித்தான் கழற்ற முடியும்.

எலெக்ட்ரானிக் பலகையில் மதிப்பைத் திருகிச் சரிசெய்யும் சிறு மின்தடையான பிரிசெட்டில் லாக்டைட் போன்ற நீர்த்த பசையை விடக்கூடாது. கரித்தடத்துக்குள் கசிந்தால் தொடுமுனைக்கும் தடத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். கெட்டியான வார்னிஷ், அது கிடைக்காவிட்டால் நெயில் பாலிஷ்: சுழலும் தலையிலிருந்து அசையாத உடல்வரை ஒரு தீற்று. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கொஞ்சம் அழுத்தித் திருப்பினாலே அந்தத் தீற்று விரிசல் விட்டுவிடும். அந்த நொறுங்கும் குணத்தைத்தான் நான் மதிக்கிறேன். அதிர்வில் திருகு நகராதபடி பிடிக்கும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. ஆனால் மனிதக் கை பட்டதை மறைக்க அதற்குத் தெரியாது.

பெட்ரோல் பங்க்கில் அளவைச் சரிசெய்யும் பாகத்தில் கம்பி கோத்து எடையளவு ஆய்வாளர் நசுக்கிவிடும் ஈய முத்திரையும் இதே இனம். சின்னக் குறடு போதும், அறுத்துவிடலாம். அறுத்ததை அறுக்காததுபோல் ஆக்குவதுதான் கடினம். ஒரு லிட்டர் என்று நம்பிக் காசு கொடுக்கும் ஆயிரம் பேருக்கும் பாதுகாப்பு அந்தக் கடினத்தில் இருக்கிறது.

எந்த அளவும் நிரந்தரமில்லை. பாகங்கள் வயதாகி மதிப்பு நகரும்; மறுபடி திருகத்தான் வேண்டும். திறக்கவே முடியாத பூட்டு அங்கே ஒருவகை ஆணவம். அதனால்தான் முறையறிந்த மெக்கானிக் பழைய தீற்றைச் சுரண்டி, அளந்து, திருகி, தன் நிறத்தில் புதிதாக ஒன்று போட்டு, தேதியோடு கையெழுத்தும் இடுகிறார். அடுத்து வருகிறவர் எதையாவது கேட்க வேண்டுமானால், யாரைக் கேட்பது என்று தெரியும்.