சுமை ஏறிய சைக்கிளும் அறிவின் இருப்பிடமும்

சைக்கிள் ஓட்டும் அறிவு எங்கே இருக்கிறது? வண்டி சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும், அந்த வளைவு வேகத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைய வேண்டும். இந்த விதியைத் தெரிந்துகொண்டு யாரும் ஓட்டப் பழகுவதில்லை என்று தத்துவவாதி மைக்கேல் பொலானி 1958இல் வாதிட்டார். மூளை நமக்குத் தெரியாமலே கணக்குப் போடுகிறது என்பது வழக்கமான மறுப்பு. சுமையை ஏற்றியதும் அந்த மறுப்பு தள்ளாடுகிறது. ஹேண்டில்பாரில் கனமான பையை மாட்டினால் திருப்பம் மந்தமாகிறது. பின் கேரியரில் உயரமாகக் கட்டினால் முன்சக்கரம் லேசாகி வண்டி ஆட்டம் காண்கிறது. எடையைக் கேட்டறியாமலே, சில மிதிகளுக்குள் கை பழகிவிடுகிறது. மூளை புதிய எடையை ரகசியமாக அளந்துவிட்டது எனலாம். ஆனால், ஆளில்லாமல் உருட்டிவிட்ட சைக்கிளும் போதிய வேகத்தில் சாயும் பக்கம் தானே திரும்பி நிமிர்கிறது. அது கணக்குப் போடுகிறது என்று எவரும் சொல்வதில்லை.

வண்டியின் அமைப்புக்கும் அறிவில் பங்குண்டு என்பதற்கு இன்னொரு உதாரணம்: 1954இல் வியட்நாமின் தியன் பியன் பூ போருக்குச் சைக்கிள்களில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றிச் சென்ற வியட்நாமியர் அவற்றை ஓட்டவில்லை. ஹேண்டில்பாரையும் சீட் கம்பியையும் மூங்கிலால் நீட்டி, நடந்தே தள்ளினார்கள். மூங்கில் வெறும் கருவி, அறிவு மனிதனுடையது மட்டுமே என்று இங்கும் வாதிடலாம். ஆனால், மூங்கிலை எடுத்துவிட்டால், எதையும் மறக்காத அதே மனிதனால் அந்த வண்டியை மலைப்பாதையில் நிமிர்த்திப் பிடிப்பதே பெரும்பாடு.