கழற்றப்போகும் பாகத்துக்கு என்ன விலை?

2017 மார்ச்சில் என்விடியா நிறுவனம் ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. கிராஃபிக்ஸ் கார்டை 699 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீக்கிரமே அதே சிப்பை வைத்து ஆசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், ஈ.வி.ஜி.ஏ. என ஆளாளுக்குப் பல ரகங்களை இறக்கினார்கள். ஒன்றில் மூன்று விசிறிகள், இன்னொன்றில் வண்ண விளக்குகள், மற்றொன்றின் அட்டைப்பெட்டியில் கூடுதல் வேகம் பற்றிய பெருமை. எதை வாங்குவது என்று சாதாரணமாக வாங்குபவரே திண்டாடினார். கணினியைத் தண்ணீரால் குளிர்விக்க நினைத்தவருக்குத் திண்டாட்டம் இன்னும் அதிகம். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்யப்போகும் முதல் வேலையே அந்த விசிறிகளையும் விளக்குகளையும் கழற்றி வைப்பதுதானே!

இடித்துக் கட்டப்போகும் சமையலறையின் அழகுக்காக வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதைப் போன்றது இது. ஆனாலும் பலர் கொடுக்கிறார்கள். கடையில் நிற்கும்போது கண்ணில் படுவது ஒன்று, பிறகு வருஷக்கணக்கில் நம்மோடு இருக்கப்போவது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை பணம் கையில் இருக்கும் நேரத்தில் வருவதில்லை.

இங்கே பிரித்துப் பார்ப்பது ஓரளவு சுலபம். எல்லா ரகங்களின் நடுவிலும் இருப்பது ஒரே சிப். 1080 டி.ஐ.க்கு என்விடியா அறிவித்த பூஸ்ட் வேகம் 1582 மெகாஹெர்ட்ஸ். சூடு குறைவாக இருந்தால் கார்டு தானாகவே 1900-ஐத் தாண்டும். சூடு ஏற ஏறப் படிப்படியாக வேகத்தை இறக்கிக்கொள்ளும். ஒற்றை விசிறியோடு வந்த என்விடியாவின் சொந்த ரகம் 84 டிகிரியைத் தொட்டுத் திணறியதும், பெரிய கூலர் வைத்த ரகங்கள் அதை முந்தியதும் இதனால்தான். தண்ணீருக்கு மாறி 50 டிகிரிக்குக் கீழே ஓடத் தொடங்கினால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். கூடுதல் மின்சாரம் இழுக்க அனுமதிக்கும் உயர் ரகம், ஓவர்கிளாக் செய்து எல்லையைத் தொட்டுப் பார்ப்பவருக்குப் பயன்படும். மற்றவர்களுக்கு மிஞ்சுவது அந்தந்தச் சிப்பின் அதிர்ஷ்டம். பெட்டியைப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீரின் வலிமை அப்படி. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீர், 450 வாட் வெப்பத்தை முழுதாக வாங்கிக்கொண்டாலும் சுமார் 1.6 டிகிரிதான் சூடேறும். அந்தச் சூட்டைக் காற்றில் விடுவது ரேடியேட்டரின் வேலை.

அப்படியானால் இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிட்டால் போதுமா? போதாது. சிப்பைப் போலவே நம்மோடு தங்கப்போகும் இன்னொன்று, அது பொருத்தப்பட்டிருக்கும் பலகை. கூலரின் இடத்தில் உட்கார்ந்து, கார்டை முழுதாக மூடித் தண்ணீரை ஓட்டும் வாட்டர் பிளாக் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பலகைக்காகவே கடைந்தெடுக்கப்படுகிறது. ஸ்க்ரூ துளைகள், நினைவகச் சிப்களின் இடம், கெபாசிட்டர்களின் உயரம் எல்லாம் பொருந்தியாக வேண்டும். என்விடியாவின் மாதிரிப் பலகையை அப்படியே பயன்படுத்தும் ரகத்துக்குப் பல நிறுவனங்கள் பிளாக் செய்கின்றன. தனியாக வடிவமைத்த பலகைக்கு ஓரிரு நிறுவனங்கள் செய்தால் உண்டு. அதே பெயரில் பலகை மட்டும் மாறி வந்தால், முன்பு வாங்கிய பிளாக் பொருந்தாமல் போகலாம்.

2020 செப்டம்பரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3090 இதற்கு நல்ல உதாரணம். அதன் 24 ஜி.பி. நினைவகம் 24 சிப்களாக, முன்பக்கம் 12, பின்பக்கம் 12 என்று பிரிந்திருந்தது. வாட்டர் பிளாக் முன்பக்கத்தைத்தான் தொடும். சிப் குளுகுளுவென்று இருக்க, பின்பக்க நினைவகம் கடும் வேலையில் 100 டிகிரியைத் தாண்டியது. பின்பக்கத்துக்கும் தண்ணீர் கொண்டுபோகும் பின்தகடுகளைத் தனியாகச் செய்து விற்க வேண்டிவந்தது. 2022 மார்ச்சில் வந்த 3090 டி.ஐ.யில் அதே நினைவகம் இரட்டைக் கொள்ளளவுள்ள 12 சிப்களாக முன்பக்கத்துக்கே வந்துவிட்டது. பெட்டியின் மேல் இதெல்லாம் பளிச்சென்று எழுதியிருக்காது. தேடிப் படித்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு கேள்வியும் உண்டு: திரும்பி வர வழி இருக்கிறதா? கார்டைத் திறப்பது நிதானமான வேலை. பின்பக்க ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து, கூலரை மெல்ல அசைத்து, காய்ந்த பேஸ்ட் விட்டதும் கொஞ்சமாகத் தூக்கி, உள்ளே விசிறியின் மெல்லிய ஒயரைப் பிடுங்கிவிடாமல் இணைப்பைப் பிரிக்க வேண்டும். பழைய தெர்மல் பேட் எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று குறித்துக்கொள்வது நல்லது. கழற்றிய கூலரையும் ஸ்க்ரூக்களையும் பத்திரமாக வைத்தால்தான் நாளை வாரன்டிக்கு அனுப்பவோ, விற்கவோ முடியும். கழற்றினால் வாரன்டி போய்விடும் என்று மிரட்டும் ஸ்டிக்கர்கள் தொடர்பாக, அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் மூன்று நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஊருக்கு ஊர் விதி வேறு. வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

திறக்கப் பயப்படுபவருக்காகத் தொழிற்சாலையிலேயே வாட்டர் பிளாக் பொருத்திய ரகங்கள் வருகின்றன. ஈ.வி.ஜி.ஏ. நிறுவனம் ஹைட்ரோ காப்பர் என்றும், ஜிகாபைட் வாட்டர்ஃபோர்ஸ் என்றும் விற்றன. விலை கூடுதல்தான், வாரன்டிக் கவலை இல்லை. ஆனால் கார்டோடு விசிறிக் கூலர் வராது. விற்கும் நாளில் தண்ணீர்க் கணினி வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும். நேரம் இல்லாதவருக்கு இது நல்ல தேர்வு. தன் கையால் கட்டுவதில் மகிழ்ச்சி காண்பவருக்கு, அந்த மகிழ்ச்சியையே விட்டுக்கொடுப்பதாகிவிடும்.

எளிய ரகத்தை வாங்கி மிச்சம் பிடித்த பணம் எங்கே போகலாம்? வாட்டர் பிளாக்குகள் ஒரே பலகையோடு ஆயுள் முடிபவை; ரேடியேட்டரும் பம்பும் அப்படியல்ல. பெரும்பாலான பாகங்களில் ஜி கால் அங்குல மரைதான் என்பதால் வேறு வேறு நிறுவனப் பொருட்களும் ஒன்றோடொன்று இணையும். 1080 டி.ஐ. கேட்டது 250 வாட். 2022-இல் வந்த 4090 கேட்பது 450, 2025-இல் வந்த 5090 கேட்பது 575. ஆக, 2017-இல் விளக்குகளுக்குக் கொடுக்காத பணத்தில் 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தவருக்கு, அது அடுத்தடுத்த கார்டுகளுக்கும் உழைக்கும். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக வாங்க வேண்டியது கார்டும், அதன் பலகைக்கேற்ற பிளாக்கும்தான்.