மெல்லிய நரம்பும் பாரை மீனும்



மார்கழி பிறந்து, மழை ஓய்ந்து, கடல் சற்றுத் தெளிந்த பிறகு நமது கரையோரத்தில் ஒரு காட்சியைக் காணலாம். பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, அடையாற்று முகத்துவாரத்தில், 1977ல் உடைந்துபோன பாலத்தை அடுத்து, பொழுது விடியுமுன் சில வாலிபர்கள் ராடும் ரீலுமாக வந்து நிற்பார்கள். இவர்கள் குப்பத்துப் பிள்ளைகள் அல்ல. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உத்தியோகக் குடும்பங்களில் பிறந்தவர்கள். நம்முடைய பங்குப் பிள்ளைகளும் அவர்களுக்குள் இல்லாமல் இல்லை. மழையில் ஆறு மணல் மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும். அங்கே மடவைக் குஞ்சும் நெத்திலியும் கூடும். அவற்றைத் துரத்திக்கொண்டு பாரை வரும். மஞ்சள் பாரை, கண்ணாடிப் பாரை என்று அதில் பல வகை உண்டு. தட்டையான வெள்ளி உடலும், மெலிந்த வாலடியும், கவைபோல் பிளந்த வாலும் கொண்ட மீன். அரைக் கிலோப் பாரைகூட ஆளின் கையை வெடுக்கென்று இழுக்கும்.

இவர்கள் கட்டுவது இறாலோ புழுவோ அல்ல. பத்து இருபது கிராம் எடையில், உலோகத்தில் செய்த போலி மீன். அதை வீசுகிற நரம்போ தையல் நூலைப்போல் மெல்லியது. ஏன் இவ்வளவு மெல்லியது என்று கேட்டால் இரண்டு பதில் வரும். மெல்லிய நரம்பில்தான் இலேசான இரை தூரம் போகும், மீனின் கண்ணிலும் படாது என்பது ஒன்று. இதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. இரண்டாவது பதில்தான் யோசிக்கத் தக்கது. "கனத்த நரம்பைப் போட்டுத் தரதரவென்று இழுத்துவிட்டால் அது நியாயமா? மீனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா?" என்கிறார்கள். பிறகு அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய், ஜப்பானியர் முறைப்படி மெல்லிய துண்டுகளாக அரிந்து, சோயா சாற்றில் தோய்த்துப் பச்சையாகவே உண்கிறார்கள். சஷிமி என்பது அதன் பெயர். பாரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஷிமா-அஜி என்னும் மீன் அந்நாட்டில் இதற்கு மிகவும் மெச்சப்படுகிறதாம்.

மீனுக்கு நியாயம் செய்கிறோம் என்ற இந்தப் பேச்சு மெய்தானா?

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். மீனைக் கொன்று தின்பது பாவமல்ல. உயிர்த்த சேசுநாதர் சுவாமி தம் சீஷர் முன்பாகச் சுட்ட மீனை உண்டதாக அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். திபேரியாக் கடலோரத்தில் இரா முழுவதும் வலை போட்டு ஒன்றும் அகப்படாமல், விடியற்காலையில் 153 பெரிய மீன்களை இழுத்த அந்தப் படகில் இருந்தவர்களில், நம் சாந்தோமில் கல்லறை கொண்டிருக்கும் அர்ச். தோமையாரும் ஒருவர் என்பதை அருளப்பர் சுவிசேஷத்தில் பார்க்கலாம். தூண்டிலுக்கும் வேதத்தில் இடமுண்டு. தேவாலய வரி கட்டுவதற்காக இராயப்பரைக் கடலில் தூண்டில் போடச் சொன்னவர் ஆண்டவரே. 1917ல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டம் குருக்கள் ஆரவாரமான வேட்டைக்குப் போகலாகாது என்று தடுத்தபோது, மீன்பிடிப்பைத் தடுக்கவில்லை. மானும் பன்றியும் ஓலமிடும், மீன் ஓலமிடாது. அதன் மௌனமே நம்மை இதுவரை நிம்மதியாக வைத்திருக்கிறதோ என்னவோ.

ஆனால் மௌனம் வேறு, வலியில்லாமை வேறு. 2003ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் புளிக்காடி அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அந்த மீன்கள் நெடுநேரம் தீனியைத் தொடவில்லை. இரு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தன. அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. இது நாம் படுகிற வலியைப் போன்றதல்ல என்று மறுக்கிற பண்டிதரும் இருக்கிறார்கள். சரி, சந்தேகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதரில் அசைவது மானா மனிதனா என்று ஐயுறும் வேடன் அம்பு விடலாகாது என்பது கத்தோலிக்க ஒழுக்க நூல்களில் பழைய உதாரணம். மீன் மனிதனல்ல, ஆகவே பசிக்கும் பிழைப்புக்கும் அந்த விதி அவ்வளவு கண்டிப்பாகப் பொருந்தாது. ஆனால் வெறும் வினோதத்துக்கு? வினோதம் தள்ளிப்போடக் கூடியது. சந்தேகத்தின் பலனை அங்கே அந்த வாயில்லாப் பிராணிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது அந்த "வாய்ப்பு" என்ற சொல்லுக்கு வருவோம். விளையாட்டு என்றால் இரண்டு பேர் ஒப்புக்கொண்டு இறங்க வேண்டும். இருவரும் ஏதாவது பணயம் வைக்க வேண்டும். கரையில் நிற்பவர் வைக்கும் பணயம் கடையில் வாங்கிய ஒரு போலி மீன். பாரை வைப்பது தன் உயிர். அதை யாரும் விளையாட அழைக்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் பசியும் பிறகு பயமுந்தான். நரம்பு கனமாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிகிற போராட்டம், மெல்லியதாக இருந்தால் பத்து நிமிஷம் நீளும். நரம்பு அறுந்தால் மீன் தப்பிவிடும் என்கிறீர்களா? தப்பும், வாயில் முள்ளோடு. நாம் கொடுத்ததாகச் சொல்லும் வாய்ப்பு இதுதான். உண்மையில் நரம்பை மெலியச் செய்தது மீனுக்காக அல்ல, நம் கையில் ஓடும் அந்தத் துடிப்பை நீட்டுவதற்காக. இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

அர்ச். அக்குவீனாஸ் தோமையார் மிருகங்களுக்கு மனிதருக்குள்ள உரிமை இல்லை என்று சொன்னவர். ஆயினும் மிருகங்களிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்று எச்சரித்தார். அவரே இன்னொரு இடத்தில், வேலையில் களைத்த ஆத்துமத்துக்கு விளையாட்டு ஓய்வு என்றும், அது இல்லாமல் மனிதன் வாழலாகாது என்றும், ஆனால் தீங்கு தருகிற காரியத்தில் இன்பம் தேடலாகாது என்றும் சொல்லியிருக்கிறார். 1992ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, அவசியமின்றிப் பிராணிகளைத் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மாண்புக்கு விரோதம் என்கிறது. மனித மாண்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். கெட்டுப்போவது மீன் மட்டுமல்ல.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: "நொச்சிக்குப்பத்துச் செம்படவர் வலையில் அகப்பட்ட மீன் மணிக்கணக்காய்த் துடித்துச் சாகிறதே, அந்த மீனை வாங்கி வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று ருசியாகக் குழம்பு வைக்கிறீர்களே, ஒற்றைத் தூண்டில்காரனை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?" நல்ல கேள்வி. (வஞ்சிரத்தை வறுத்து அடுக்கிவிட்டு அதைத் தபசு என்று சொல்லிக்கொள்வதைப் பற்றி வேறொரு வாரம் பேசுவோம்.) வலையில் சாகிற மீனுக்கும் துன்பம் உண்டு, அதைக் குறைக்க வழியிருந்தால் குறைக்க வேண்டியதே. ஆனால் இருட்டில் அலையைத் தாண்டிப் படகைத் தள்ளுகிறவர் அந்தத் துடிப்பை விரும்பி நீட்டவில்லை. வேலை சீக்கிரம் முடிந்து கரையேறினால் போதும் என்றிருக்கிறார். அவருக்குத் துடிப்பு தொழிலின் கஷ்டம். மெல்லிய நரம்புக்காரருக்கோ துடிப்பே சரக்கு. இந்த வித்தியாசத்தை நான் விடமாட்டேன்.

பிடித்துப் பிடித்து விட்டுவிடுகிறோம், கொல்வதில்லை என்று சிலர் பெருமைப்படுவதும் உண்டு. சுவிட்சர்லாந்து தேசத்தில் 2009 முதல், திரும்ப விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதையே சட்டம் அனுமதிப்பதில்லை. தின்ன எண்ணமில்லாதவன் முள்ளைப் போடாதே என்பது அதன் கருத்து. முதலில் கேட்கும்போது விபரீதமாகத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் தோன்றாது.

ஆக, உண்பதற்கே பிடிக்கிற நம் பிள்ளைகள் ஒருவிதத்தில் மேலான இடத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஜப்பானியரிடமிருந்தே ஒரு பாடம் இருக்கிறது. நெடுநேரம் போராடிய மீனின் தசையில் அமிலம் ஊறிச் சதை தளர்ந்துவிடும். பச்சையாக உண்ண அது உதவாது. அதனால் அங்கே தேர்ந்தவர்கள் மீனைக் கரைசேர்த்தவுடன் மூளையில் கூரிய ஆணியால் ஒரே குத்தாகக் குத்தி, செவுளருகே அறுத்து இரத்தத்தை வடித்து, பனிக்கட்டியில் இடுகிறார்கள். இக்கேஜிமே என்று இதற்குப் பெயர். ருசிக்காகச் செய்கிற தயவு ஒரு தயவா என்று கேட்பீர்கள். தயவு என்ற பெயருக்கு அது முழுத் தகுதியுடையதல்ல என்பது வாஸ்தவம். ஆனாலும் வெயிலில் மணல்மேல் புரண்டு மூச்சடைத்துச் சாகிற மீனுக்கும், ஒரு கணத்தில் உயிர் போன மீனுக்கும் வித்தியாசம் உண்டு. நம் நோக்கம் எவ்வளவு சுத்தம் என்பது மீனுக்குத் தெரியாது. நோக்கம் பிறகு சுத்தமாகலாம். கை முதலில் பழகட்டும். மெல்லிய நரம்பும் நல்ல சஷிமியும் ஒன்றோடொன்று ஒத்துவராது என்பதை மட்டும் அந்த வாலிபர்களிடம் சொன்னாலே பலர் நரம்பை மாற்றிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

பச்சையாக உண்பதைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கொலை செய்யாதே என்ற ஐந்தாம் கற்பனை நம் சொந்தச் சரீரத்தையும் காக்கச் சொல்லுகிறது. அடையாற்று முகத்துவாரத்தில் ஊர்ச் சாக்கடை கலக்கிறது. அங்கே பிடித்த மீனைப் பச்சையாக உண்பது புத்தியல்ல. திறந்த கடலில் பிடித்ததானாலும் கடல்மீனுக்குள் புழு இருக்கக்கூடும். எலுமிச்சைச் சாறு அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரிக் குளிரில் ஏழு நாள் உறையவைத்தால்தான் சாகும் என்பது வைத்திய சாஸ்திரம். வீட்டுப் பெட்டியின் உறைதட்டு பெரும்பாலும் அவ்வளவு குளிராது. கையிலெடுத்த மீனைப் பனிக்கட்டி இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் பையில் வைத்திருந்தால், சில வகைகளில் ஊறும் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது.

கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் பையன் ராடு கேட்கிறான் என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். விடியற்காலைக் கடல், வாடையின் குளிர், பொறுமையாய்க் காத்திருத்தல், கண்ணும் கையும் சேர்ந்து கற்கிற வித்தை இவையெல்லாம் மாசற்ற இன்பங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். பாரையைச் சட்டென்று கரையேற்றத் தக்க கனமான நரம்பாக வாங்கிக் கொடுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அமுக்கிவிடச் சொல்லுங்கள்; நரம்பு அறுந்தாலும் மீன் முள்ளை உதற அது உதவும். ஒரு சின்னத் தடியும், பனிக்கட்டிப் பெட்டியும் கூடவே போகட்டும். வீட்டில் எத்தனை பேர் உண்பார்களோ அத்தனைக்கு மேல் வேண்டாம். பாரையின் வாலருகே இரு பக்கமும் முள்போன்ற தடித்த செதில் வரிசை ஓடும். பழகாத கையைக் கிழித்துவிடும். 2024ல் லூப் ரோட்டில் திறந்த மீன் அங்காடிக்குக் கொண்டுபோனால், அங்கே மீன் அரிகிற அம்மாவிடம் நின்று, கத்தியை எங்கே வைத்து அதைச் சீவுவது என்று பையன் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.