நானூறு கண்ணாடித் தகடுகள்

ஆறு மாதம் ஊர் சுற்றக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முழுக்கு. வீட்டுச் சாவி எதிர்வீட்டு மாமியிடம். காசி, காத்மாண்டு, அப்படியே ஹனோய் என்று காசு தீரும்வரை பயணம். கையில் நல்ல செல்போன் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்!

ஒரு நாளைக்கு 100 படம் எடுப்பீர்கள். அவ்வளவா என்று கேட்காதீர்கள். காசியில் ஒரு விடியற்காலைப் படகு சவாரிக்கே அது பத்தாது. 180 நாளில் 18,000 படங்கள். படத்துக்கு 4 எம்.பி. என்றால் 72 ஜி.பி. தினமும் 10 நிமிடம் வீடியோ, நிமிடத்துக்கு 200 எம்.பி. என்று வைத்தால் அது ஒரு 360 ஜி.பி. ஆக மொத்தம் 432.

சரி, இதை எங்கே வைப்பீர்கள்? செல்போன் ஒரு நாள் கங்கையில் விழும். மெமரி கார்டு ஒரு நாள், 'நீ யாரென்றே எனக்குத் தெரியாது' என்று கையை விரிக்கும். பை ஒரு நாள் பஸ்ஸின் மேலே ஏறும், இறங்காது. இதற்காகவே ஒரு சூத்திரம் இருக்கிறது. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்தியது. பெயர் 3-2-1. மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

நம்மில் பலரும் கோட்டை விடுவது அந்தக் கடைசி 1-ல்தான். செல்போன், லேப்டாப், ஹார்ட் டிஸ்க் மூன்றிலும் காப்பி இருக்கும். மூன்றும் ஒரே பையில் இருக்கும். பையைத் தூக்குகிறவன் 'இந்தாப்பா, இது உன் நினைவுகள்' என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவானா என்ன?

1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படத்துக்கு இப்படி ஒரு கண்டம் வந்தது. யாரோ தட்டிய ஒரு தவறான கட்டளை, படத்தின் பெரும்பகுதியை பிக்ஸார் கம்ப்யூட்டர்களிலிருந்து துடைத்துவிட்டது. பேக்கப்பைத் திறந்தால், அதுவும் பழுது. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. பிழைத்தார்கள். வேறு இடத்தில் ஒன்று என்பதன் அருமை அதுதான்.

'நான்தான் கிளவுடில் ஏற்றிவிடுவேனே சார்' என்பீர்கள். தாராளமாக ஏற்றுங்கள். இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இந்தச் சேவைகள் பலவற்றில், செல்போனில் அழித்தால் அங்கேயும் அழியும். கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அப்புறம் போயே போச்சு. இரண்டாவது, செல்போன் தொலைந்தபிறகு இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உள்ளே போகப் பார்த்தால், 'ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம்' என்று சொல்லும். எங்கே அனுப்பும்? அந்தத் தொலைந்த செல்போனுக்கு! மீட்பு எண்களை முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். அதன் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

இதுவரை சொன்னது வேலை நுணுக்கம். யார் வேண்டுமானாலும் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். கஷ்டமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. இத்தனை பத்திரமாகக் காப்பாற்றுகிறோமே, யாருக்காக?

18,000 படங்கள். படத்துக்கு ஐந்து விநாடி பார்த்தாலும் 25 மணி நேரம். வீடியோ 30 மணி நேரம். சோறு தண்ணி இல்லாமல் இரண்டேகால் நாளுக்கு மேல் உட்கார்ந்தால்தான் உங்கள் ஆறு மாதத்தை ஒருமுறை பார்க்க முடியும். நீங்களே உட்கார மாட்டீர்கள். உங்கள் பிள்ளை உட்காருவானா?

ஃபிலிம் ரோல் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ரோலுக்கு 36 படம். கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதை நம் பர்ஸ் முடிவு செய்தது. இன்று பர்ஸ் அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டது. அந்த நாற்காலியில் நாம் இன்னும் யாரையும் உட்காரவைக்கவில்லை.

இந்த இடத்தில் ஃப்ராங்க் ஹர்லி என்கிற ஆஸ்திரேலியரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஷேக்கிள்டனின் அண்டார்டிகா பயணத்தில் இவர்தான் புகைப்படக்காரர். 1915 ஜனவரியில் 'எண்ட்யூரன்ஸ்' கப்பல் பனியில் சிக்கியது. அக்டோபர் கடைசியில், பனி நெரித்த நெரிப்பில் கப்பலைக் கைவிட்டு 28 பேரும் பனிக்கட்டி மேல் இறங்கிவிட்டார்கள். ஹர்லியின் படங்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. அப்போதெல்லாம் படம் என்றால் கண்ணாடித் தகடு. மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு, பனிக்கூழ் மிதக்கும் தண்ணீருக்குள் இறங்கி, தகடுகள் இருந்த பெட்டிகளை மீட்டு வந்தார்.

உயிரைக் கொடுத்து மீட்டாயிற்று. ஆனால் தூக்கிக்கொண்டு போக முடியாதே! ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் சொந்தச் சாமான் என்பது ஷேக்கிள்டன் போட்ட சட்டம். தன்னிடமிருந்த தங்கக் காசுகளையே பனியில் வீசிக் காட்டியவர் அவர். ஆனால் ஹஸ்ஸி என்பவரின் பான்ஜோ வாத்தியத்தை மட்டும், அது கனமாக இருந்தும், எடுத்துவரச் சொன்னார். மனசுக்கு மருந்து வேண்டுமாம்.

ஹர்லியும் ஷேக்கிள்டனும் ஒரு நாள் முழுக்கப் பனிமேல் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தகடாக எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 120-ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். மீதி 400-ஐ அங்கேயே உடைத்தார்கள். ஏன் உடைக்க வேண்டும், சும்மா விட்டுவிட்டு வரலாமே? பின்னால் மனசு கேட்காமல் திரும்பிப்போய் எடுக்கக் கூடாது, அதற்காக.

28 பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். அந்த 120-ல் இருப்பவற்றைத்தான் நூறு வருஷம் தாண்டியும் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

'அப்படியானால் வேண்டாததை அழித்துவிடு என்கிறீரா?' என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். இதற்கு நேர் எதிராகவும் ஒரு கதை இருக்கிறது.

1897 ஜூலையில் ஆண்ட்ரே என்ற ஸ்வீடன்காரர், இரண்டு பேரோடு பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பினார். மூன்றே நாளில் பலூன் பனியில் இறங்கிவிட்டது. மூவரும் திரும்பவேயில்லை. 33 வருஷம் கழித்து, 1930-ல், ஒரு தீவில் அவர்களின் உடல்களும் டைரிகளும் ஃபிலிம் சுருள்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஒரு நிபுணர் பொறுமையாகக் கழுவி 93 படங்களை மீட்டார். பனியில் சாய்ந்து கிடக்கும் பலூன், பக்கத்தில் நின்று அதைப் பார்க்கும் இரண்டு பேர்... எடுத்தவர் ஸ்ட்ரிண்ட்பெர்க் என்ற இளைஞர். எது முக்கியமான படம், எது இல்லை என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க முடியுமா?

நமக்கும் தெரியாது. அதுதான் சிக்கலே. இன்று ஆடிப்போயிருக்கிறது என்று நீங்கள் அழிக்கப்போகும் படத்தின் ஓரத்தில், ரயிலில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பார். பத்து வருஷம் கழித்து, தாஜ்மஹாலை முழுசாகக் கொடுத்தால்கூட அந்த ஓரத்துக்கு ஈடாகாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். காப்பாற்றுவது ஒரு கடமை. தேர்ந்தெடுப்பது இன்னொரு கடமை. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், அங்கேதான் தப்பு. இடம் மலிவான காலத்தில் ஹர்லி மாதிரி நாம் எதையும் உடைக்கத் தேவையில்லை. 18,000-ம் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகத் தூங்கட்டும். ஆனால் ஹர்லி மாதிரி உட்கார வேண்டும்.

ராத்திரி லாட்ஜில் செல்போனை சார்ஜில் போட்டுவிட்டு, ஒரு கால் மணி நேரம். அன்றைய நூறிலிருந்து ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: யார், எந்த ஊர், என்ன பேசினோம். ஆண்ட்ரேயின் படங்கள் நமக்குப் புரிவதற்குப் பாதிக் காரணம், கூடவே கிடைத்த டைரிகள். கூட வந்தவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஷேக்கிள்டனும் உட்கார்ந்தாரே! படத்தை அழுத்தியது உங்கள் விரலாக இருக்கலாம். உள்ளே இருப்பது அவர்களுடைய நாளும்தான். நீங்கள் தள்ளுவதை உங்கள் மனைவி, 'ஐயோ, இது வேணும்' என்பார். வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்தில் 900 படம் ஆகும். அதை இன்னொரு முறை சலித்தால் நூறு, நூற்றிருபது தேறும். ஒரு ஆல்பம். அதை யாரும் மடியில் வைத்துப் புரட்டுவார்கள்.

சலிக்காமல் விட்ட 432 ஜி.பி.யை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்துப் பார்க்கிறேன். சொத்துப் பக்கம்தான் எழுதத் தோன்றும். ஆனால் நாம் எடுக்காமல் தள்ளிப்போட்ட 18,000 முடிவுகள் அதற்குள் இருக்கின்றன. நமக்கப்புறம் யாரோ ஒருவர், அநேகமாக நம் மகளோ மகனோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்கவும் முடியாமல் தூக்கிப்போடவும் மனசு வராமல் நிற்பார்கள். அவர்களுக்கு அது கடன். உங்கள் டிஸ்க்கில் எத்தனை ஜி.பி. இருக்கிறது?