ஊசி மேல் விழும் பழி

"வயித்துல ஊசி போட்டா கொழந்தைக்குக் குத்திடாதா மேடம்?" சித்தூர்ப் பக்கம் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கேட்கும் கேள்வி இது. கேட்பது பெரும்பாலும் கர்ப்பிணி அல்ல, கூட வந்த மாமியார். திருப்பதிக்குப் போனாலும், எல்லை தாண்டி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போனாலும் கேள்வி மாறாது.

அக்கா மகளையும் அத்தை மகனையும் கட்டுவது இன்னும் விட்டுப்போகாத மண். இப்படிச் சொந்தத்துக்குள் கட்டி, அப்பா, அம்மா இருவரிடமும் தலசீமியா என்ற ரத்தநோயின் மரபுக்கூறு இருந்துவிட்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் துளி திசு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 15 வாரம் கடந்து 15, 20 மில்லி பனிக்குட நீர். ஸ்கேன் திரையில் ஊசி வெள்ளைக் கோடாக இறங்கும். குழந்தை ஒதுங்கியிருக்கும் பக்கத்தை விட்டு, நீர் தேங்கிய இடமாகப் பார்த்து இறக்குவார்கள். முதலில் வரும் ஒன்றிரண்டு மில்லியில் தாயின் செல் கலந்திருக்கும் என்று தனியே வைத்துவிடுவார்கள்.

டென்மார்க்கில் 4,606 பெண்களிடம் நடந்து 1986-ல் வெளியான ஆய்வு, இந்த ஊசியால் நூற்றுக்கு ஒரு கரு கூடுதலாகக் கலைகிறது என்றது. இன்றும் பலர் வாயில் அதே கணக்குதான். 2019-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது ஆயிரத்துக்கு மூன்று என்றானது. ஒரே அளவு சிக்கல் உள்ள பெண்களை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தேபோனது. ஊசிக்கு வருகிறவர்களில் சிலருக்குக் கருவிலேயே கோளாறு; ஊசி படாவிட்டாலும் கலைந்திருக்கும். பழி ஊசிக்கு.

ஊசியே இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் ஆரம்பத்தில் சரியாக விரியாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. வலி இருக்காது. குழந்தை இளைக்கும், தாய்க்கு பி.பி. ஏறும். டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடி ரத்தம் அலை அலையாகத் தெரியும். இரண்டு துடிப்புக்கு நடுவிலும் அது குழந்தையிடமிருந்து நஞ்சுக்கொடியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அலை அடிக்கோட்டைத் தொட்டால் கவலை. கோட்டுக்குக் கீழே இறங்கினால் ரத்தம் எதிர்த்திசையில் திரும்புகிறது, அப்புறம் காத்திருக்க முடியாது. 2017-ல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகமான பெண்களுக்கு 11–14 வாரத்தில் தொடங்கி இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கும் இந்த பி.பி. கோளாறு (பிரீஎக்லாம்ப்சியா) 62 சதவீதம் குறைந்தது. தலைவலிக்கு வாங்கும் அதே மாத்திரைதான், அளவுதான் குறைவு.

ஊசி போட்ட மறுவாரம் கரு கலைந்தால் ஒப்புக்கொண்டவளைக் குடும்பமே குடையும். எட்டாம் மாதம் வயிற்றிலேயே குழந்தையின் அசைவு நின்றால் "நம்ம தலையெழுத்து" என்று முடித்துக்கொள்வார்கள். கை பட்டு நடந்தால் குற்றம், பார்க்காமல் விட்டு நடந்தால் விதி. உண்மையில் இரண்டும் நாம் எடுத்த முடிவுகளே. முதலாவதை மட்டும்தான் ஆபத்து என்று எண்ணிப் பழகியிருக்கிறோம்.

சம்மதம் வாங்கும் விஷயத்தில் சட்டமும் ஊசியைத்தான் பார்க்கிறது. பெண் கருவைக் கண்டுபிடித்து அழிக்க இதே ஊசி உதவியதால், 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, அது நியாயம்தான். ஊசி போடும் முன் பக்கவிளைவுகளைச் சொல்லி, கர்ப்பிணிக்குப் புரிந்த மொழியில் படிவம் 'ஜி'-யில் சம்மதம் வாங்கி, நகலை அவள் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் டாப்ளருக்கு வரச் சொன்னவள், பஸ் காசில்லை என்றோ அறுவடை என்றோ வராமல் போனால், அதற்கு யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை.