பழைய லாரியும் பாதிப் புதுப்பிப்பும்

தேய்ந்துபோன இயந்திரத்தைப் பாதியளவில் மட்டும் புதுப்பிப்பது அறிவுடைமையா, அன்றித் தன்னைத்தானே ஏய்த்துக்கொள்வதா? இக்கேள்வி பட்டறைக்காரருக்கு மட்டும் உரியதன்று. பத்து காஜாச் சுற்றுப்புறத்தில் பழைய லாரியொன்றை வைத்து மணலோ செம்பனைக் குலையோ ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அஃது அடுத்த மாதச் சோற்றைப் பற்றிய கேள்வியாகும்.

புகைக்குழாயில் நீலப்புகை வருகிறது. மேட்டில் இழுவை குறைகிறது. முழுவதும் பிரித்துச் செய்யப் பணமில்லை. எனவே வால்வை அரைத்து, புது ரிங் மட்டும் போட்டுக்கொள்வோம் என்று முடிவாகிறது. சிக்கனத்தில் குற்றமில்லை. ஆயின் சிலிண்டர் மேற்புறம் மிகுதியாகவும் கீழ்ப்புறம் குறைவாகவும் தேயும் இயல்புடையது. அதனுள் இட்ட புது ரிங் எங்கும் ஒருசேரப் பொருந்துவதில்லை. பொருந்திய அளவுக்கு அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் பிஸ்டன் வழியே இறங்கித் தேய்ந்த பேரிங்குகளின் மேல் விழும். நேற்றுவரை மேற்பாகத்தின் தளர்ச்சியாலேயே உயிர் தப்பியிருந்த கீழ்ப்பாகம், அது வலுப்பெற்ற சில நாளில் இடிக்கத் தொடங்குவதுண்டு. பெண்ணைப் படிக்கவைத்து, அவள் சொல்லுக்கு வீட்டில் இடம் வைக்காத குடும்பத்தில் நேர்வதும் ஏறக்குறைய இதுவே.

அச்சா தேர், சக்கரமா தேர் என்று நாகசேனர் மிலிந்த மன்னனை மடக்கியதாகப் பாலி நூல் கூறும். தத்துவ வாதிகளுக்கு அக்கேள்வி இனிக்கும். லாரிக்காரர் அறிய வேண்டுவதோ, எந்த உறுப்பு எதனைத் தாங்கும் என்பது.

பத்து காஜாவுக்குத் தெற்கே, தஞ்சோங் துவாலாங் சாலையில் ஈயம் வாரும் பழைய கப்பல் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. 1938இல் கட்டப்பெற்றது, 4,500 டன் எடையுள்ளது, 1982இல் வேலை நிறுத்தியது. பிற்காலத்தில் நீர் கசிந்து சாய்ந்த அதனைச் செப்பனிட்டு நிமிர்த்தினர். அதற்குப் பாதிப் பழுது போதும். அது இனி ஈயம் வாரப்போவதில்லை. நிற்பதற்குச் செய்யும் பழுது வேறு, சுமை இழுப்பதற்குச் செய்யும் பழுது வேறு.

அதற்காக முழுப் புதுப்பிப்பே நேர்மை என்று முழங்குவதும் தவறு. (அவ்வாறு முழங்குவோர் பெரும்பாலும் கூலி வாங்குவோராகவே இருக்கின்றனர்!) கிராங்கையும் சிலிண்டரையும் அளந்து, எண்ணெய் அழுத்தத்தையும் பார்த்து, கீழ்ப்பாகம் உறுதியாயிருந்தால் பாதியே போதும். அளக்காமல் செய்யும் பாதிதான் சூதாட்டம்.

சூதில் வைத்த பொருள் எவருடையது என்பதே அடுத்த கேள்வி. உரிமையாளரே ஓட்டினால் இழப்பு அவருடையது. இடிக்கும் ஓசை அடங்கத் தடித்த எண்ணெய் ஊற்றி விற்பவரோ பிறர் பணத்தை வைத்து ஆடுகிறார். இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பது, நடைக்கு இவ்வளவென்று கூலிக்கு ஓட்டுபவரின் நிலை. இறக்கத்தில் இயந்திரம் நின்றால் பிரேக்குக்குரிய துணைவிசையும் விரைவில் குறையும் லாரிகள் பல. எடுத்த அளவுகளை அவருக்குச் சொல்லாது சாவியை மட்டும் கொடுக்கும் முதலாளி, தாம் மிச்சம் பிடித்த பணத்துக்கு அவர் உயிரை ஈடு வைத்திருக்கிறார். சொல்லிவிட்டால், ஏற்றுவதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமையாவது அவரிடம் இருக்கும்.