டிவியில் செருகினால் மாறுவது எது?

இந்தியச் சுங்கவரி அட்டவணையின் 95ஆம் அத்தியாயத்தில் 9504 50 என்று ஒரு எண் இருக்கிறது. வீடியோ கேம் கருவிகளுக்கான எண் அது. உலகச் சுங்க அமைப்பு வகுத்த பட்டியலை ஒட்டியே நம் நாடும் எண்களை வைத்திருப்பதால், அந்தப் பட்டியலின் விளக்கக் குறிப்பும் கூடவே வந்துவிட்டது. படத்தை டிவியிலோ வேறு வெளித்திரையிலோ காட்டும் கருவி ஒரு வகை. சொந்தத் திரை உள்ள கருவி, கையில் தூக்கிக்கொண்டு போக முடிந்தாலும் முடியாவிட்டாலும், இன்னொரு வகை. நடுவில் 'அல்லது' போட்டு இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிட்டார்கள். கையிலும் ஆடலாம், டிவியிலும் ஆடலாம் என்று ஒரு கருவி வந்து நின்றாலும் சுங்க அதிகாரி தலையைச் சொறிய வேண்டியதில்லை.

மும்பை லேமிங்டன் ரோட்டுக் கடைகளில் கேள்வி அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச். அந்த நிறுவனம் இதை இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு இறக்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வியாபாரிகள் தருவிப்பதுதான், இருபதாயிரத்துக்கு மேல். கீழ்த்தட்டில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக எஸ்யுபி என்று பெயர் போட்ட உள்ளங்கை அகலப் பெட்டி. 400 ஆட்டங்கள், சில நூறு ரூபாய். தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பா முதலில் கேட்பது, "இதை டிவியில போடலாமா?" இரண்டுக்கும் கடைக்காரர் "போடலாம்" என்பார். பொய்யில்லை. அப்படியானால் ஒன்றை ஹைபிரிட் என்றும் மற்றதை டிவி கேபிள் வைத்த கைப்பெட்டி என்றும் பிரிப்பது விளம்பரக்காரர்கள் வேலைதானா, இல்லை பொருளிலேயே ஏதாவது இருக்கிறதா?

கீழ்த்தட்டுப் பெட்டியை முதலில் பார்ப்போம். முதுகு மூடியைத் திறந்தால் பழைய நோக்கியா போனில் நாம் பார்த்த அதே பிஎல்-5சி மாதிரி பேட்டரி. முன்னால் மூன்று அங்குலத் திரை, இடதுபக்கம் கூட்டல் குறி வடிவப் பட்டன், வலதுபக்கம் இரண்டு மூன்று வட்டப் பட்டன்கள். உள்ளே இருக்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற டிவிக் கருவிக்கு எழுதப்பட்டவை, அல்லது அவற்றின் நகல்கள். தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு 'டிவி கேம்' என்று வந்த நகல் பெட்டிகளின் சரக்கும் இதுவேதான். அதாவது, டிவிக்குப் பிறந்த ஆட்டங்களுக்கு யாரோ ஒரு குட்டித் திரை மாட்டிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். கூடவே வரும் கேபிளின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையின் மஞ்சள் பின்னை டிவியிலும் செருகினால் படம் அங்கே போய்விடும். பெட்டிக்குள் எதுவும் கூடுவதில்லை, குறைவதுமில்லை. 256-க்கு 240 புள்ளிகளில் வரைந்த அதே படம், 43 அங்குலத்துக்கு இழுக்கப்பட்டு நிற்கிறது. மரியோவின் மீசை தனித்தனிச் சதுரங்களாகத் தெரியும்.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தது சோனியின் பிஎஸ்பி. 2004இல் வந்த அது, பிறப்பிலேயே கைக்கருவி, 4.3 அங்குலத் திரை, 480-க்கு 272 புள்ளிகள். 2007இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் டிவிக்குப் படம் அனுப்பும் வசதியைச் சேர்த்தார்கள். தனியாக விற்ற கேபிளை மாட்டி, திரைப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ஆட்டம் பாதியில் நிற்காமலே டிவிக்குத் தாவும். ஆனால் ஆட்டங்கள் எழுதப்பட்டதோ 480-க்கு 272க்கு. டிவிக்குப் போன சட்டகம் 720-க்கு 480. ஆகவே சட்டகத்தின் நடுவே 38 சதவீதப் பரப்பில் மட்டும் படம், சுற்றிலும் கறுப்பு. பெரிய டிவி வைத்திருந்தும் அதன் நடுவில் ஒரு ஜன்னலைப் பார்த்து ஆடியவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல்.

1995இல் அமெரிக்காவில் வந்த செகா நோமாட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிறவி. மெகா டிரைவ் என்ற டிவிக் கருவியின் கேசட்டுகளையே அது கையில் வைத்து ஓட்டியது, டிவிக்கும் படம் அனுப்பியது, இரண்டாவது ஆட்டக்காரருக்குத் துளைகூட வைத்திருந்தது. ஆறு பென்சில் செல்களைச் சீக்கிரமே தின்று தீர்க்கும். டிவிக்காக எழுதிய வசனங்கள் சின்னத் திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. ஹைபிரிட் என்ற சொல்லுக்கு வயது குறைவு. ஆசைக்கு வயது அதிகம்.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்தால் படம் எந்த வழியாகப் போகிறது என்பதில் பெரிய வேறுபாடு எதுவும் அகப்படாது. ஸ்விட்சோடு வரும் டாக் என்கிற தாங்கியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். பெரும்பகுதி வெறும் பிளாஸ்டிக் கூடு. அடியில் ஒரு யுஎஸ்பி-சி முனை. பின்னால் ஒரு சின்ன சர்க்யூட் பலகை, கருவியிலிருந்து வரும் படத்தை எச்டிஎம்ஐக்கு மாற்றுவதற்கு. கணக்குப் போடும் சிப் எதுவும் டாக்கில் இல்லை. கருவிக்குள் இருப்பதோ என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1. அதே குடும்பச் சிப் ஸ்விட்ச் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 2015இல், ஷீல்டு என்ற டிவிப் பெட்டியில் வந்துவிட்டது. 'இது வெறும் டேப்லெட், கேபிளைத் தாங்கிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்' என்று சொல்கிறவர்களிடம் சண்டைக்குப் போக முடியாது. இரும்பையும் கண்ணாடியையும் மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி.

கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால்தான் முதல் பிளவு தெரியும். எஸ்யுபியை டிவியில் மாட்டினாலும் பெட்டி உங்கள் கையில்தான். அதன் பட்டனைத்தான் அழுத்த வேண்டும். கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்தில்தான் உட்கார முடியும். பிஎஸ்பியிலும் அதே கதை. இணைப்பு முடிந்த பிறகும் கருவி ஓய்வதில்லை. திரையை இழந்த ரிமோட்டாக, வாலில் கேபிள் தொங்க, கையிலேயே கிடக்கிறது. ஸ்விட்சில் கருவி டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில் ஒட்டியிருந்த இரண்டு ஜாய்-கான்களும் கழன்று, கம்பியில்லாமல், ஆளுக்கொன்றாகக்கூட வந்து சேரும். கைக்கருவி கையைவிட்டு விலகுகிறது. இது சின்ன விஷயம் மாதிரி படலாம். ஆனால் தாராவியின் பத்துக்குப் பத்து அறையில் மாலா என்கிற மேல்பரணுக்கு ஏறும் ஏணி ஒருபக்கம், பாத்திர ஷெல்ஃப் ஒருபக்கம், சுவரில் டிவி என்று இருக்கும்போது தரையில் குறுக்கே ஓடும் கேபிளை யாராவது மிதிக்காமல் ஒரு மணி நேரம் போகாது. அந்த வீட்டில் டிவி ஒன்றுதான். சாயங்காலம் அது சீரியலுக்கு, சனி ஞாயிறு கிரிக்கெட்டுக்கு. ஆடுகிற பிள்ளைக்குக் கிடைக்கும் டிவி நேரம் துண்டு துண்டாகத்தான் வரும். 'அம்மா வந்தாச்சு' என்றதும் தாங்கியிலிருந்து கருவியை உருவி மாலாவில் ஏறி அதே பந்தயத்தைத் தொடர முடிவது, மாதுங்காவில் இரண்டு டிவி இருக்கிற ஃபிளாட்டைவிட இங்கே அதிகம் பொருள்படும். பொருளை வாங்கும் காசு அந்த ஃபிளாட்டில்தான் அதிகம் என்பது வேறு கதை.

ஆனாலும் கையைவிட்டு விலகுவது மட்டும் போதாது. கம்பியில்லாத கன்ட்ரோலரை எந்தக் கைக்கருவிக்கும் இன்று சேர்த்துவிடலாம். அசல் விஷயம் அடுத்த அடுக்கில் இருக்கிறது: தன்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஆட்டத்துக்குத் தெரியுமா?

மும்பைக்காரர்களுக்கு சோபா-கம்-பெட்டைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்த சோபாவிலும் காலை மடக்கிக்கொண்டு தூங்கலாம். ஆனால் சோபா-கம்-பெட் செய்த தச்சன் தூங்குகிறவனின் நீளத்தையும் முதலிலேயே அளந்துவிட்டான். ஸ்விட்சில் அந்த அளவு எங்கே இருக்கிறது என்றால், சிப்பின் வேகத்தில். 2017 மார்ச் 3 அன்று வந்த முதல் ஸ்விட்சின் திரை 1280-க்கு 720, ஏறக்குறைய 9.2 லட்சம் புள்ளிகள். டாக்கில் வைத்தால் டிவிக்கு 1920-க்கு 1080, அதாவது 20.7 லட்சம். இரண்டேகால் மடங்கு. இப்போது படம் வரையும் பகுதியின் வேகத்தைப் பாருங்கள். நின்டெண்டோ தானாகச் சொல்லவில்லை. தொழில்நுட்ப ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்த கணக்கு. கையில் 307 அல்லது 384 மெகாஹெர்ட்ஸ், டாக்கில் 768. இரண்டு மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு. புள்ளி எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவே வரையும் வேகமும் கூடுகிறது. ஆட்டத்தின் விதிகளையும் எதிரிகளின் நடமாட்டத்தையும் கணக்கிடும் பகுதியோ இரண்டு இடத்திலும் அதே 1020 மெகாஹெர்ட்ஸ். அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் டிவியில் ஓடுகிற ஆட்டமும் கையில் ஓடுகிற ஆட்டமும் வேறு வேறு ஆட்டங்களாகிப் போயிருக்கும். பாதியில் உருவி எடுத்துத் தொடர முடியாது.

கையில் இருக்கும்போது ஏன் அதே வேகத்தில் ஓட்டக்கூடாது? ஒன்று சூடு; விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இருக்கிற பொருள் அது. இன்னொன்று பேட்டரி. முதல் மாடலில் சுமார் 16 வாட்-மணி. கனமான ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று நிறுவனமே சொன்னது. வகுத்துப் பார்த்தால் ஆறரை வாட்டுக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும், திரை வெளிச்சம் உட்பட.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. ஸ்விட்சைக் கையில் வைத்தபடியே சார்ஜரில் செருகினால் வேகம் டாக் அளவுக்கு ஏறாது. மின்சாரம் வந்தால் போதாது, டாக்கில் இருக்க வேண்டும். மும்பையிலும் முறைப்படி விற்கப்படும் ஏசஸ் ஆர்ஓஜி ஆலை என்ற கைக்கணினியை இதோடு ஒப்பிட்டால் பிரிவினை துலங்கும். 2023இல் வந்த அந்தக் கைக்கணினி பேட்டரியில் அதிகபட்சம் 25 வாட், சார்ஜரில் செருகினால் 30 வாட். டிவி இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. 2022இன் ஸ்டீம் டெக்குக்கும் டாக் உண்டு, தனியாக விற்கிறார்கள். அது துளைகளைக் கூட்டுகிறதே தவிர வேகத்தைக் கூட்டவில்லை. டிவியில் எவ்வளவு புள்ளிகளில் ஓட்டுவது என்பதை ஆடுகிறவர்தான் அமைப்புப் பட்டியலுக்குள் போய்ச் சரிசெய்ய வேண்டும். இரண்டும் அருமையான கருவிகள். ஆனால் அவை டிவியில் செருகப்பட்ட கைக்கருவிகள்தான். ஆட்டத்தை எழுதியவர் மேசைக் கணினியை மனதில் வைத்து எழுதினார். இரண்டு இடத்துக்கும் சேர்த்து எழுதச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஸ்விட்சுக்கு எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆட்டப் பெட்டியின் பின்னட்டையிலேயே மூன்று சின்னங்கள் அச்சாகும்: டிவி, மேசை, கை. எதில் ஓடும், எதில் ஓடாது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். 2018இன் சூப்பர் மரியோ பார்ட்டி கருவியைக் கையில் பிடித்த நிலையில் ஓடாது. வோஸ் என்ற இசை ஆட்டம் 2017இல் வந்தபோது தொடுதிரையில் மட்டுமே ஆடக்கூடியதாக இருந்தது. டாக்கில் வைத்தால் பயனில்லை. என் வாதத்துக்குச் சாட்சி இந்த விதிவிலக்குகள்தான். எஸ்யுபியில் உள்ள 400 ஆட்டங்களில் ஒன்றுகூட 'என்னை டிவியில் போடாதே' என்று மறுக்காது. மறுப்பதற்கு முதலில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமே.

ஏற்பாடு எப்போதும் அழகாக நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. ஸ்விட்சோடு கூடவே வந்த 'ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' கையில் 720, டிவியில் 900 வரிகள். ஆரம்பத்தில் சில இடங்களில் அது டிவியில்தான் அதிகம் திணறியது. கையில் வழவழவென்று ஓடியது. பிறகு திருத்தம் அனுப்பிச் சரிசெய்தார்கள். இன்னொரு புறம், 2019 செப்டம்பரில் வந்த ஸ்விட்ச் லைட் டிவிக்குப் படமே அனுப்பாது. பெயர் ஸ்விட்ச், ஆட்டங்கள் அவையே; ஆனால் அது ஹைபிரிட் இல்லை, எஸ்யுபி செய்வதைக்கூடச் செய்யாத சுத்தமான கைக்கருவி. ஆக ஹைபிரிட் தன்மையைக் கருவியில் மட்டும் தேடினால் கிடைக்காது. ஆட்டத்தில் மட்டும் தேடினாலும் கிடைக்காது. இரண்டு நிலைக்கும் எழுதிய ஆட்டமும், நிலையை அறிவிக்கும் கருவியும் சேர்ந்தால்தான் அது உண்டாகிறது. 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2 இதே பாதையில்தான் போகிறது. திரை 1080 வரிகளுக்கும் டிவி வெளியீடு 4கே வரைக்கும் உயர்ந்திருக்கிறது. டாக்கில் இப்போது ஒரு மின்விசிறி. சூட்டைத் தணிக்கத்தான், கணக்குப் போடும் சிப் இன்னும் அங்கே வரவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. இங்கே பழைய ஸ்விட்சுகள் கைமாறும்போது டாக் காணாமல் போய்விடும், அல்லது வேறு யாரோ செய்த டாக் கூட வரும். அசல் சார்ஜர் 15 வோல்ட்டில் 2.6 ஆம்பியர் தரும். அதைக் கொடுக்கத் தெரியாத மலிவு டாக்கில் டிவிக்குப் படம் வராது. 2018இல் கருவியின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு சில வெளி டாக்குகள் கருவியையே செயலிழக்க வைத்ததும் நடந்தது. போனுக்கு வாங்கிய, யுஎஸ்பி-சியை எச்டிஎம்ஐக்கு மாற்றும் வயரை அப்படியே செருகினாலும் வேலைக்காகாது. ஆகவே கடையில் நிற்கும்போதே டிவியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவியை உருவி எடுங்கள். ஓரிரு நொடியில் படம் கையில் வர வேண்டும். திரும்ப வையுங்கள், டிவிக்குப் போக வேண்டும். பட்டன்கள் கழற்ற முடியாமல் உடம்போடு ஒட்டியிருந்தால், கடைக்காரர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும், அது லைட்.